இல்லாத வசனம்

"நாளைக்குச் சாயங்காலம் துங்கானேயை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் மெரெயானா. "கெளம்புறதுக்கு முன்னால எனக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போகட்டும்."

பொரோவாவின் வாய்க்குள் அப்போதுதான் ஒரு விள்ளல் சேப்பங்கிழங்கு போயிருந்தது. தேங்காய்ப்பாலில் ஊறிய கிழங்கு, தானாக வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"எந்தத் துங்கானே?"

"தீவுல எத்தனை துங்கானே இருக்கான்? பன்னி வளக்குறவன்தான்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"ஆஸ்பத்திரிக்குப் போறது நான். சாவைப் பத்தி நீங்க எதுக்குப் பேசறீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் கீரைக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

மெரெயானாவின் கழுத்தில் ஒரு கட்டி. முதலில் பாக்கு அளவு இருந்தது, பிறகு எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ரரோதோங்கா தீவுக்குப் போனால், நியூசிலாந்திலிருந்து வந்திருக்கும் டாக்டர் திங்கட்கிழமை அறுத்து எடுப்பார். எடுத்த பிறகுதான் அது என்ன கட்டி என்று சொல்ல முடியுமாம். இந்த விவரத்தைக் கேட்ட நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

பொரோவா எங்கள் சபையின் டீக்கன், போதகருக்கு அடுத்த ஆள். பசிபிக் கடலுக்கு நடுவே இருக்கும் எங்கள் மங்காயா தீவில் வேதத்தை அவரளவுக்குத் தெரிந்தவர் கிடையாது என்பதை அவருக்கு ஆகாதவர்களே ஒத்துக்கொள்வார்கள். பாதி வசனத்தைச் சொல்லி நிறுத்தினால் மீதியையும் அதிகாரத்தையும் அவர் சொல்லிவிடுவார். சில சமயம் நீங்கள் தும்மினாலே சொல்லிவிடுவார். புத்தாண்டு பிறந்ததும் ஊருக்கு ஊர் எதிரெதிரே உட்கார்ந்து, பாட்டுப் பாடி, வேதக் கேள்வி கேட்டு மடக்கிக்கொள்ளும் உவாபோவு எங்கள் தீவில் நடக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ரக்பி ஆட்டத்தில் தோற்றால்கூட மறந்துவிடுவார்கள், உவாபோவில் தோற்றால் மறக்க மாட்டார்கள். அதில் எங்கள் ஊர் தோற்றதே இல்லை, காரணம் பொரோவா. ஒரு வருடம் தாமருவா ஊர்க்காரர்கள் அவரை மடக்கவே ஆக்லாந்திலிருந்து வேதக் கல்லூரிப் பையன் ஒருவனை இறக்கினார்கள். கண்ணாடி, டை, கையில் மூன்று தடிப் புத்தகம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவன் டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டான்.

துங்கானேயின் கதை வேறு. நேற்று வரைக்கும் காட்டுக்குள் ஆரஞ்சுப் பழத்தைப் பீப்பாயில் புளிக்க வைத்துக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவன். ஏதோ ஒரு நாள் திருந்திச் சபைக்குள் வந்தான். வந்தவன் பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருந்தால் பொரோவாவுக்கு ஆட்சேபணை இருந்திருக்காது. அவனோ ஜெபம் பண்ண ஆரம்பித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவான். வேதத்தில் வருகிற ஆட்களையெல்லாம் ஒரே வேனில் ஏற்றி, தப்புத் தப்பான ஊர்களில் இறக்கிவிடுவான். கேட்கிறவர்களோ கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள்.

ஒரே தெருவில் இரண்டு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லாம் அசல் சரக்கு, தூசு தட்டி, வரிசையாக அடுக்கி, கேட்ட நொடியில் எடுத்துக் கொடுப்பார்கள். மற்றதில் எது எங்கே இருக்கிறது என்று கடைக்காரனுக்கே தெரியாது. கூட்டம் அங்கேதான். உவாபோவு நெருங்கினால் ஊர் பொரோவாவைத் தேடும். குழந்தைக்குக் காய்ச்சல், கடலுக்குப் போன படகு திரும்பவில்லை, மகனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை போய்விட்டது என்றால் துங்கானேயைத் தேடும். இதையெல்லாம் பொரோவா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய வீட்டுக்குள்ளேயே அந்தக் கடையின் சரக்கு வரப்போகிறது, அதுவும் அவருடைய மனைவி கேட்டு.

மறுநாள் சாயங்காலம் துங்கானே குளித்துவிட்டு, செம்பருத்திப் பூப் போட்ட சட்டையில் வந்தான். சோப்பு வாசனைக்கு அடியில் பன்றி வாசனை மங்கலாக இருந்தது. நாற்காலி போட்டும் உட்காராமல், பாயில் மெரெயானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"கையைப் பிடிச்சாத்தான் ஜெபம் ஏறுமாடா?" என்றார் பொரோவா.

"இல்லண்ணே, எனக்கு நடுங்குது. அக்கா கையைப் பிடிச்சா நிக்கும்."

பிறகு கண்ணை மூடினான். "ஆண்டவரே, யோனாவைப் பேழைக்குள்ள வெச்சுப் பத்திரமாக் காப்பாத்தினீங்களே..."

பேழைக்குள் இருந்தவர் நோவா, யோனா இருந்தது மீன் வயிற்றில். பொரோவா இருமினார்.

"...அண்ணனுக்கும் இருமல், அதையும் பாத்துக்கங்க. ஆண்டவரே, அக்கா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கறாங்க. தெரியாத எடத்துக்குப் போறாங்க. கத்தி வெக்கிற எடம். நீங்கதானே வேதத்துல சொல்லியிருக்கீங்க, இருட்டுக்குள் முதலில் இறங்குகிறவர் நானே, என் முதுகைத் தொட்டுக்கொண்டே வா, என்று கர்த்தர் சொல்லுகிறார்னு. அந்த வார்த்தைக்காக நீங்க முன்னால போங்க. அக்கா உங்க முதுகைத் தொட்டுக்கிட்டு வரட்டும்."

மெரெயானா அழுதாள். கட்டி வந்த பிறகு அவள் அழுததைப் பொரோவா பார்த்ததில்லை. தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி, ஒரு பெரிய பாரத்தைக் கரையில் இறக்கிவைத்தவள்போல அழுதாள். துங்கானேயும் அழுதான். பொரோவா ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்முடைய வீட்டில், தம்முடைய பாயில், தாம் மட்டும் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது போல அவருக்கு இருந்தது.

அவன் போனதும் மெரெயானா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, அந்த வசனம் எந்த அதிகாரத்துல வருது? இருட்டுக்குள்ள முதல்ல இறங்குறதுன்னு சொன்னானே. ஆஸ்பத்திரியில அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கணும்."

அப்படி ஒரு வசனம் எந்த அதிகாரத்திலும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அவர் தலைக்குள் ஒரு முறை ஓடிப் பார்த்துவிட்டார், அதற்கு மூச்சு விடும் நேரம்தான் ஆயிற்று. முதுகைத் தொட்டுக்கொண்டு இருட்டுக்குள் இறங்குவதா? இஸ்ரவேலர் எந்தக் காலத்தில் இந்தத் தீவுக்காரர்களைப்போலத் தேங்காய் நண்டு பிடிக்கக் குகைக்குள் போனார்கள்?

'இல்லை' என்ற ஒரு சொல் போதும், துங்கானேயின் கடைக்கு அங்கேயே பூட்டு. அந்தச் சொல் அவருடைய நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பொரோவா சில்லறை லாபத்துக்குச் சரக்கை விட்டுக்கொடுப்பவரில்லை. மனைவி ஒருத்திக்கு முன்னால் மட்டும் ஜெயித்து என்ன ஆகப்போகிறது? முதலில் அவனை நேரில் மடக்க வேண்டும், அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும், பிறகு அது தானாக ஊர் முழுக்கப் பரவ வேண்டும்.

"பாத்துச் சொல்றேன்" என்றார்.

மெரெயானா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பாயிலேயே சாய்ந்து, வெளிச்சம் மங்குவதற்கு முன்பே தூங்கிப்போனாள்.

காலையில் பொரோவா சபைக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பன்றிப் பட்டிக்குப் போனார். துங்கானே தேங்காயை உடைத்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். பன்றிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கத்தின.

"துங்கானே, நேத்து ஒரு வசனம் சொன்னியே. அது எந்தப் புத்தகம்டா?"

துங்கானே கையில் இருந்த தேங்காயைக் கீழே வைத்தான். "எதுண்ணே?"

"முதுகு."

"ஓ, அதுவா." அவன் தலையைச் சொறிந்தான். "ஏசாயாவா இருக்குமோ?"

"இல்ல."

"சங்கீதம்?"

"நீ ஏலம் போடாதே. நான் கேக்கறது ஒரு அதிகாரம்."

"இல்லையாண்ணே?" அவன் முகம் வெளுத்துவிட்டது. "நெசமாவே இல்லையா?"

"அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் இல்ல."

துங்கானே தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான். "எங்கப்பா என்னை நண்டு பிடிக்கக் குகைக்குக் கூட்டிட்டுப் போவாரு. நான் வாசல்லயே அழுவேன். அப்ப அவர் சொல்றதுண்ணே அது. நாந்தான் முதல்ல எறங்கறேன், முதுகைத் தொட்டுக்கிட்டே வாடான்னு. அக்காவைப் பாத்ததும் அது வந்துருச்சு. வந்தப்போ வசனம் மாதிரியே இருந்துச்சு."

"கர்த்தர் சொல்லுகிறார்னு வேற முத்திரை குத்துனியே!"

"வாய் தவறிருச்சு. உங்களுக்கு நல்லா இருக்கும்ண்ணே. வாயைத் திறந்தா புத்தகம் வருது. எனக்கு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. ஒவ்வொரு வீட்டுக்கும் போகும்போது, இன்னிக்கு பொரோவா அண்ணன் அங்க இருக்கக் கூடாதுன்னுதான் முதல் ஜெபமே பண்ணுவேன். உவாபோவுல நீங்க எந்திரிச்சு நிக்கறப்ப எனக்கு வயிறு எரியும், தெரியுமா?"

பொரோவாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் இளநீர் மாதிரி இறங்கியது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்றுகூட யோசித்தார். அதற்குள் துங்கானே எழுந்துவிட்டான்.

"நான் போயி அக்காகிட்ட சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"பொய் வசனம்னு. கத்திக்குக் கீழ படுக்கப் போறவங்களுக்கு நான் பொய்யைக் கட்டிக் குடுத்து அனுப்பலாமா? பாவம்ண்ணே."

இதைத்தான் பொரோவா கேட்க வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இதற்காகவே வந்தார். ஆனால் இப்போது அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது, நேற்று பாயில் ஒருக்களித்து, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்ட மெரெயானாவின் முகம். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த குறட்டை அது.

"இரு, இரு. அவசரம் என்ன? அவ போயிட்டு வரட்டும்."

"இல்லண்ணே. நீங்களே வந்து கேட்டுட்டீங்க. இனிமே எனக்குச் சோறு எறங்காது."

"டேய், நான் சும்மா கேட்டேன்டா!"

துங்கானே மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டான். பொரோவா தம்முடைய ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் அவன் வளைவில் மறைந்துவிட்டான். வெள்ளைப் பவளத் தூள் பறந்த பாதையில், "நில்லுடா! சொல்லாதடா!" என்று கத்திக்கொண்டே டீக்கன் பின்னால் போனதை எங்களில் பலர் பார்த்தோம். துங்கானே எதையோ திருடிவிட்டான் என்றுதான் நினைத்தோம்.

பொரோவா வீட்டுக்குள் நுழைந்தபோது துங்கானே எல்லாவற்றையும் கொட்டி முடித்திருந்தான். மெரெயானா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி, வெள்ளை உடுப்பு விரித்த மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். துங்கானே தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான்.

"சொல்லிட்டானா?" என்றார் பொரோவா மூச்சு வாங்கிக்கொண்டு.

"எனக்கு நேத்தே தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷத்துல ஒரு வசனம் எங்க இருக்குன்னு கேட்டு, பாத்துச் சொல்றேன்னு நீங்க சொன்ன நாள் உண்டா? தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவீங்களே. நீங்க அப்படிச் சொன்ன உடனே தெரிஞ்சுபோச்சு, அப்படி ஒரு வசனம் இல்லேன்னு." அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆனா நீங்க இல்லேன்னு சொல்லலை. தப்பைக் கண்டா தாவிப் புடிக்கிற மனுஷன், எனக்காக வாயை மூடிட்டு இருந்தீங்க. அதை நெனச்சுத்தான் நேத்து தூங்கினேன். முதுகை நெனச்சு இல்ல."

துங்கானே நன்றியோடு பொரோவாவைப் பார்த்தான். "அண்ணன் பெரிய மனசு, அக்கா. பட்டிக்கு வந்தப்பகூட..."

"நீ பேசாம இருடா" என்றார் பொரோவா.

தாம் வாயை மூடிக்கொண்டது எதற்காக என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஆனால் தப்பான விலாசத்துக்கு வந்த பார்சலைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அவர் நல்லவருமில்லை. முகத்தைச் சற்றே சாந்தமாக வைத்துக்கொண்டார்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள் மெரெயானா. "நீங்க எனக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க. வசனம் கூடாது."

"வசனம் இல்லாம எப்படி ஜெபம்?"

"எனக்காகப் பண்ணுங்கன்னுதான் கேக்கறேன். இத்தனை வருஷமா நீங்க பண்றதுல ஆபிரகாம் வருவான், தாவீது வருவான். நான் வந்ததே இல்ல. இவன் நேத்து வந்து அக்கா, அக்கான்னு என்னைப் பத்தியே பேசுனான். அதுக்குத்தான் இவனைக் கூப்பிட்டேன்."

பொரோவா கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு வசனங்கள் நின்றன, ஒன்றை விட்டால் மற்றது நுழைந்துவிடும். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"விமான நிலையத்துல பண்றேன்" என்றார்.

"சரி" என்றாள் மெரெயானா. அதில் நம்பிக்கை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஓடுபாதைக்கு ஊரே வந்திருந்தது. கழுத்தில் சிப்பி மாலையும் தலைக்கு மேல் ஒரு ஜெபமும் இல்லாமல் எங்கள் தீவிலிருந்து யாரும் விமானம் ஏறுவதில்லை. போதகர் ஏதோ கூட்டத்துக்காக ரரோதோங்கா போய்விட்டிருந்தார். சிப்பி மாலைகள் ஏறி ஏறி மெரெயானாவின் கட்டி கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளைத் தொப்பி போட்ட அம்மாக்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் துங்கானேயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இரண்டு பெரிய ஆட்களுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டான்.

"எங்கே ஒளியறே? வாடா, ஜெபம் பண்ணு!"

"இன்னிக்கு என் வீட்டுக்காரர் பண்றாரு" என்றாள் மெரெயானா.

கூட்டத்தில் லேசான ஏமாற்றம் ஓடியது. பொரோவாவின் ஜெபம் என்றால் ஆதியில் ஆரம்பிக்கும், விமானம் காத்திருக்காது. அந்த ஏமாற்றத்தை அவர் முதுகில் உணர்ந்தார். விமானி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

பொரோவா தொப்பியைக் கழற்றினார்.

"ஆண்டவரே" என்றார். நிறுத்தினார். நாங்கள் அதிகாரத்துக்காகக் காத்திருந்தோம். "ஆண்டவரே, இது மெரெயானா. உமக்குத் தெரியும். அவளுக்கு இடது பக்கம் திரும்பிப் படுத்தாத்தான் தூக்கம் வரும், அந்த டாக்டருக்கு அது தெரியாது. அவ கழுத்துல கை வெக்கப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு. என்னைக் கேலி பண்றதுக்கு வீட்டுல வேற ஆள் கெடையாது. திருப்பி அனுப்பிருங்க."

அதோடு சரி. ஆமென் சொல்லக்கூட அவருக்கு வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து, மலையில் மேயும் பன்றிகளைப் பட்டிக்குக் கூப்பிடுகிற அதே குரலில், அடிவயிற்றிலிருந்து, துங்கானே ஒரு 'ஆமென்' போட்டான். சவுக்கு மரத்தில் இருந்த பறவைகள் கிளம்பிவிட்டன. அதுவரை அடக்கிக்கொண்டிருந்த அம்மாக்கள் எல்லாரும் ஒரேயடியாக உடைந்து அழுதார்கள்.

"பாத்தியா?" என்று ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். அதுக்குள்ள எல்லாம் இருந்துச்சு!"

"துங்கானேன்னா துங்கானேதான்" என்றாள் மற்றவள்.

பொரோவாவின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. வாய் பாதி திறந்து, புருவம் ஒன்று மேலே ஏறி, மூக்கு விடைத்து, உப்புக் குறைந்த குழம்பை ஊர் முழுக்கப் புகழ்வதைக் கேட்கிற சமையல்காரன் போல நின்றார். ஒரு ஆமெனுக்கா? அவர் ஈரக்குலையைப் பிடுங்கி வெளியே வைத்த பிறகு, கடைசியில் வந்த ஒரு ஆமெனுக்கா?

விமானத்தின் படியில் ஏறிக்கொண்டிருந்த மெரெயானா திரும்பிப் பார்த்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். கழுத்தில் சிப்பிகள் கலகலவென்று குலுங்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரிசையில் நிற்கிறவர்களை மறித்துக்கொண்டு சிரித்தாள்.

துங்கானே பொரோவாவின் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னான். "அண்ணே, அவங்க சொல்றதை விடுங்க. உங்க ஜெபம்தான் நல்லா இருந்துச்சு. எனக்கு வயிறு எரியுது."

"சும்மா இருடா" என்றார் பொரோவா உதட்டை அசைக்காமல். "அவ இன்னும் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருக்கா."

விமானத்தின் கதவு மூடுகிற வரைக்கும் அவர் அந்த முகத்தை மாற்றவில்லை.